உபுண்டுவில் கொரிய எழுத்துரு: நிறுவும்போதும் நீக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றதும் கண்ணில் பட்ட எழுத்துருக்களையெல்லாம் இறக்கிக் குவிப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். சம்பந்தமில்லாத லத்தீன் குறிகள் வரிசையாக வந்தால் அது குறியாக்கச் சிக்கல், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமித்த முறையில் வந்த குழப்பம். கொரிய விண்டோஸில் உருவான பழைய சப்டைட்டில்களும் ஜிப் கோப்புகளுக்குள் இருக்கும் பெயர்களும் பெரும்பாலும் சிபி949 என்ற பழைய கொரியக் குறியாக்கத்தில் இருக்கும். எத்தனை எழுத்துரு நிறுவினாலும் அவை சரியாகா. இன்றைய பொதுக் குறியாக்கமான யூடிஎஃப்-8 ஆக மாற்றினால்தான் படிக்க முடியும். தட்டச்சு செய்ய முடியவில்லை என்பதும் வேறு விஷயம். அதற்கு ஐபஸ்-ஹங்குல் போன்ற உள்ளீட்டுக் கருவி வேண்டும்.

எழுத்துருதான் இல்லை என்று உறுதியானால் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்குமான நோட்டோ சிஜேகேயும், கொரியாவின் நேவர் நிறுவனம் வெளியிட்ட நனும் எழுத்துருக்களும் அங்கே இருக்கின்றன. விண்டோஸ் கணினியிலிருந்து அதன் கொரிய எழுத்துருவான மால்குன் கோதிக்கை நகலெடுத்து வராதீர்கள். அதன் உரிமம் அதற்கு இடம் தராது.

தனியாக இறக்கிய எழுத்துருவை யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ் அடைவில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். அது மென்பொருள்களை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளரின் (ஏப்ட்) இடம். நீங்கள் அங்கே வைத்த கோப்பு அதன் கணக்கில் வராது. பிறகு எது யார் வைத்தது என்றே தெரியாமல் போகும். உங்கள் ஹோம் அடைவிலுள்ள .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் போதும். வைத்தபின், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை இயக்கி, திறந்திருக்கும் செயலிகளை மூடித் திறங்கள்.

எழுத்துருவில் எத்தனை அசைகள் இருக்கின்றன என்று பார்க்காமல் விடுவது அதிகம் கவனிக்கப்படாத தவறு. யூனிகோடில் முழுமையாக அமைந்த ஹங்குல் (கொரிய எழுத்துமுறை) அசைகள் 11,172. கேஎஸ் எக்ஸ் 1001 என்ற பழைய கொரிய எழுத்துத் தரத்தில் இருந்தவை 2,350 மட்டுமே. அந்த அளவோடு நின்றுவிட்ட எழுத்துருக்கள் இன்றும் கிடைக்கின்றன. தாய்லாந்தின் தோம் யம் சூப்பைக் கொரியத்தில் எழுதும்போது வரும் முதல் அசையே அந்த 2,350-இல் இல்லை. இல்லாத அசையை, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும். ஒரே சொல்லில் ஓர் அசை மட்டும் தடித்தோ மெலிந்தோ நிற்கும். பார்ப்பவர் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து நீக்கி மீண்டும் நிறுவுவார், பயன் இருக்காது. முழு 11,172 அசைகளும் உள்ள எழுத்துருவுக்கு மாறுவதே தீர்வு.

ஹன்ஜா எனப்படும் சீன எழுத்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. யூனிகோடு அவற்றைச் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது, ஆனால் சிலவற்றின் வடிவம் மொழிக்கு மொழி மாறும். கணினியின் மொழி ஆங்கிலமாகவோ தமிழாகவோ இருந்தால் ஜப்பானிய வடிவம் முந்திக்கொள்ளலாம். கொரியத்துக்கு எந்த எழுத்துரு தேர்வாகிறது என்பதை எஃப்சி-மேட்ச் கட்டளை சொல்லிவிடும். ஆவணத்தின் மொழியைக் கொரியம் என்று குறித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீக்குவதில்தான் சேதம் அதிகம். கொரியம் வேண்டாம் என்று நோட்டோ சிஜேகே தொகுப்பை நீக்கினால் சீனமும் ஜப்பானியமும் கூடவே போய்விடும். மூன்றும் ஒரே கோப்புகளுக்குள் இருக்கின்றன. வடிவம் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால் நீக்க வேண்டியதே இல்லை. ஃபான்ட்கான்ஃபிக் அமைப்பில் முன்னுரிமையை மாற்றினால் போதும்.

தொகுப்பாக நிறுவியதைக் கோப்பு மேலாளரில் கையால் அழிக்காதீர்கள். அது இன்னும் இருப்பதாகவே ஏப்ட் நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த மேம்படுத்தலில் கோப்பு திரும்ப வந்துவிடும். ஏப்ட் வழியே நீக்கும்போதும், கூடவே எவை போகும் என்று அது காட்டும் பட்டியலை முழுதாகப் படித்த பிறகே சம்மதம் கொடுங்கள். இருக்கும் ஒரே கொரிய எழுத்துருவை மாற்றுவதானால், புதியதை நிறுவி, எஃப்சி-மேட்சில் அதன் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகு பழையதை எடுங்கள்.