போக்கரில் ப்ளஃப்: வெறுங்கையோடு எப்போது பந்தயம் கட்டலாம்?

ப்ளஃப் (நல்ல சீட்டு இல்லாமலே, இருப்பதுபோல் பந்தயம் கட்டுவது) என்றதும், முகத்தில் சலனமே இல்லாமல் சிப்களை மொத்தமாக நடுவில் தள்ளும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். முகத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. கடைசிச் சுற்றில் நீங்கள் கட்டுவதை எதிராளி நம்புவாரா என்பது முந்தைய சுற்றுகளில் நீங்கள் ஆடிய விதத்தைப் பொறுத்தது. அவர் எத்தனை முறை சீட்டைக் கவிழ்த்தால், அதாவது அந்தக் கையை விட்டு விலகினால், உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்துக்கு. ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு. நடுவில் ஐந்து திறந்த சீட்டு: முதலில் வரும் மூன்று ஃப்ளாப், அடுத்தது டர்ன், கடைசி ரிவர். ஃப்ளாப்புக்கு முன் ஒன்று, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என நான்கு பந்தயச் சுற்றுகள். எந்தக் கை எதை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தச் சீட்டோடு உள்ளே வருவது

ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் 7-7 ஜோடி முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சின்னத்தில் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி போன்றவை போதும். மற்றதைக் கவிழ்த்துவிடுங்கள். டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) உங்களிடம் இருந்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவது நீங்கள்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதால், அங்கே இன்னும் பலவீனமான சீட்டோடும் வரலாம். உள்ளே வந்தால் பெரிய பிளைண்டை (சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) போல இரண்டரை முதல் மூன்று மடங்கு ஏற்றி வாருங்கள். ஏற்றாமல், கட்டப்பட்ட தொகைக்குச் சமமாக மட்டும் போட்டு, அதாவது வெறுமனே ஈடு கட்டி, நுழைபவர் கையில் பெரிய சீட்டு இல்லை என்று மேசை முடிவுகட்டிவிடும். பிறகு அவருடைய ப்ளஃப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ப்ளஃப்பின் விலை

நடுவில் 600 இருக்கிறது, நீங்கள் 300 கட்டுகிறீர்கள். கட்டிய தொகையை, நடுத்தொகையும் கட்டியதும் சேர்ந்த 900-ஆல் வகுங்கள்: மூன்றில் ஒன்று. எதிராளி மூன்று முறையில் ஒரு முறை கவிழ்த்தாலே நட்டமில்லை. 400 கட்டினால் 40%, 600 கட்டினால் 50%, 1,200 கட்டினால் ஏறக்குறைய 67% முறை அவர் கவிழ்க்க வேண்டும். தொகை பெரிதாக இருந்தால்தான் பயப்படுவார்கள் என்று பெரிதாகக் கட்டுவது புதியவர்களின் வழக்கம். 300-க்கே கவிழ்க்கக்கூடிய கைக்கு 600 கட்டினால், ஈடு கட்டப்படும்போதெல்லாம் கூடுதலாக 300 போகும்.

இந்தக் கணக்கு எதிரே ஒருவர் மட்டும் இருக்கும்போது. ஒவ்வொருவரும் பாதி முறை கவிழ்ப்பவர்கள் என்றாலும் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்ப்பது 25% முறைதான். மூன்று பேர் என்றால் 12.5%. கூட்டத்துக்கு எதிராக ப்ளஃப் வேண்டாம்.

தேறக்கூடிய கையோடு தொடங்குங்கள்

புதியவர்கள் முதலில் பழக வேண்டியது செமி-ப்ளஃப்: இப்போது பலவீனமாக இருந்தாலும் வரும் சீட்டில் தேறக்கூடிய கையோடு கட்டுவது. உங்களிடம் ஹார்ட்டின் ராணியும் ஜாக்கியும். டர்ன் வரை நடுவில் இரண்டு ஹார்ட்டின். ஐந்தாவது ஹார்ட்டின் வந்தால் ஃப்ளஷ். பார்க்காத 46 சீட்டில் ஒன்பது உங்களுக்குச் சாதகம், அதாவது சுமார் 20%. நடுவில் 600, நீங்கள் 400 கட்டுகிறீர்கள். ஒன்றுமே தேறாத கை என்றால் எதிராளி 40% முறை கவிழ்க்க வேண்டும். ரிவரில் மேற்கொண்டு பந்தயம் இல்லை என்று வைத்தால், இந்தக் கைக்குச் சுமார் 17% போதும். ஃப்ளாப்பிலேயே இந்த நிலை என்றால் இரண்டு சீட்டு பாக்கி இருப்பதால் ஃப்ளஷ் தேறும் வாய்ப்பு 35%. மனக்கணக்குக்கு ஒரு சுருக்கு: சாதகமான சீட்டுகளின் எண்ணிக்கையை, ஒரு சீட்டு பாக்கி என்றால் இரண்டாலும், இரண்டு பாக்கி என்றால் நான்காலும் பெருக்கினால் ஏறக்குறைய சதவீதம் வரும்.

ஒரு கையைப் பிரித்துப் பார்ப்போம்

2003-ல் லாஸ் வேகஸ் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கடைசியாக மிஞ்சியவர்கள் கிறிஸ் மனிமேக்கரும் சாம் ஃபார்ஹாவும். மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா, ஹார்ட்டின் 7. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஹார்ட்டின் 9. ஃப்ளாப்பில் இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6. இருவரும் பந்தயம் கட்டவில்லை. டர்னில் இஸ்பேட் 8. ஃபார்ஹா 3,00,000 கட்ட, மனிமேக்கர் 8,00,000-ஆக ஏற்றினார். அப்போது அவருக்கு ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் ஒரு சீட்டுத் தொலைவில். ரிவரில் ஹார்ட்டின் 3 வந்ததும் இரண்டும் கைவிட்டுப் போயின. மிச்சமிருந்த எல்லாவற்றையும் தள்ளினார். நடுவில் இருந்த மிகப் பெரிய சீட்டோடு ஜோடி வைத்திருந்தும் ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துக் கவிழ்த்தார்.

கடைசித் தள்ளலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் பார்க்கச் சொல்வது டர்னை. மூன்றாவது இஸ்பேட் விழுந்த அதே சுற்றில் ஏற்றினார். ஃப்ளஷ் அமைந்தவரும் அப்படித்தான் ஆடுவார். ரிவர் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக இருந்தது. இஸ்பேட் ராஜா தன் கையிலேயே இருந்ததால் எதிராளியிடம் பெரிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. டர்னில் வெறுமனே ஈடு கட்டிவிட்டு, சம்பந்தமில்லாத 3 வந்ததும் திடீரெனத் தள்ளியிருந்தால், அந்த 3 யாருக்கு உதவியது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

ரிவரில்

இனி சீட்டு வராது. உங்கள் கை தேறாது. எதிராளியிடம் நல்ல கை இருப்பதைத் தடுக்கும் சீட்டு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் மூன்று இஸ்பேட் இருந்து, இஸ்பேட் ஏஸ் மட்டும் உங்களிடம் இருந்தால் ஏஸ் ஃப்ளஷ் அவரிடம் இருக்க முடியாது: நல்ல ப்ளஃப். நடுவில் இரண்டே ஹார்ட்டின் நின்றுபோய், கையில் இரண்டு ஹார்ட்டினோடு நீங்கள் ஏமாந்திருந்தால் கதை வேறு. தானும் ஃப்ளஷுக்குக் காத்திருந்து ஏமாந்தவர்தான் எளிதில் கவிழ்ப்பார். அவருக்குத் தேவையான சீட்டுகளை நீங்களே வைத்திருக்கிறீர்கள். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நடுத்தொகை அளவு கட்டும்போது, இரண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப். அதில் பாதி கட்டும்போது மூன்றுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே தொகை, ஒரே வேகம். நல்ல கைக்கு 400, ப்ளஃப்புக்கு 700 என்று கட்டுபவரை ஒரு மணி நேரத்தில் படித்துவிடுவார்கள். எதிராளியின் கை நடுங்கினால் ப்ளஃப் என்று பாய வேண்டாம். பெரும்பாலும் அது பெரிய சீட்டு வந்த பரபரப்பு.

எதற்கும் ஈடு கட்டிப் பார்த்துவிடுபவர், சிப்களில் பாதிக்கு மேல் ஏற்கனவே நடுவில் போட்டுவிட்டவர், சற்றுமுன் பெரிய தொகை இழந்து கொதிப்பவர்: இவர்கள் கவிழ்க்க மாட்டார்கள். நல்ல கை வரும் வரை காத்திருங்கள்.

பழகும் முறை

பணம் வைக்காமல் சிப்களோடு நண்பர்களுடன் பழகுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் தடைசெய்கிறது. ப்ளஃப் கற்க அது தேவையும் இல்லை. ஒவ்வொரு ப்ளஃப்புக்கும் நடுத்தொகை, கட்டிய தொகை, எதிராளி செய்தது மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஐம்பது அறுபது சேர்ந்ததும் தொகைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். நடுத்தொகையில் பாதி கட்டியபோது மூன்றில் ஒரு முறைகூடக் கவிழ்க்கவில்லை என்றால், அந்த மேசையில் ப்ளஃப்பை நிறுத்திவிட்டு நல்ல கைகளுக்குப் பெரிய தொகை கட்டத் தொடங்குங்கள்.