கொல்லைப்புறப் பறவைக் கணக்கு: பனிக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் பறவைப் படங்கள் வர ஆரம்பிக்கும். கும்பகோணத்திலிருந்து ஒருவர், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், மன்னார்குடியிலிருந்து கல்லூரி மாணவிகள். எல்லாரும் வீட்டுக் கொல்லையில் வரும் பறவைகளைப் புதிதாக எண்ணத் தொடங்கியவர்கள். மாசியில் அவர்களுடைய நோட்டை வாங்கிப் பார்த்தால், ஆரம்பத்தில் நானும் செய்த அதே தவறுகள் வரிசையாக இருக்கும். ஆர்வத்தில் யாரும் குறைவில்லை. ஆனாலும் ஒரு பருவம் முழுக்க உழைத்த நோட்டிலிருந்து ஒரு கேள்விக்குக்கூடப் பதில் எடுக்க முடியாதபோது மனசு கஷ்டப்படுகிறது.

பைனாகுலரை எப்படிப் பிடிப்பது, பளிச்சென்ற சட்டை போடலாமா என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும். அவற்றை இங்கே பேசப் போவதில்லை. பனிக்காலத்தில் எண்ணிக்கை ஏறுவதையும் இறங்குவதையும் நாம் தப்பாகப் படிக்கக் காரணமான தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மார்கழியில் ஆரம்பிப்பது

பனி விழுந்தால்தான் பருவம் என்று நினைத்துப் பலர் மார்கழியில் நோட்டைத் திறக்கிறார்கள். வலசை வரும் விருந்தாளிகள் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறார்கள். தகைவிலான் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வயலோர மின்கம்பிகளில் உட்கார ஆரம்பிக்கும். பழுப்புக் கீச்சானும் நாணல் கதிர்க்குருவியும் செப்டம்பரில் வேலிப்புதரில் குரல் கொடுக்கும். ஆறுமணிக்குருவி அக்டோபரில் வந்து சேரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வருகிற எல்லாமே நம்மிடம் தங்குவதில்லை. காவிரி டெல்டாவின் தெற்கு முனையில் கோடியக்கரை இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல், அப்புறம் இலங்கை. வடக்கிலிருந்து வருபவற்றில் ஒரு பங்கு நம் கொல்லையில் சில நாள் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு மேலே போகும். அதனால் ஐப்பசியில் ஈப்பிடிப்பான்கள் கூடுதலாகத் தெரிந்து கார்த்திகைக் கடைசியில் குறைந்தால், அவற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மார்கழியில் ஆரம்பித்தவருக்கு இந்த ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது.

வயலை மறந்துவிட்டுக் கொல்லையை எண்ணுவது

டெல்டாவில் கொல்லை தனியாக இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வயல், வாய்க்கால், குளம். நம் வீட்டுக் கொல்லையில் மைனா எத்தனை என்பதை நம் வீட்டு முருங்கையைவிட அடுத்த வயலில் என்ன நடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

கார்த்திகையில் அடைமழை பெய்து வயல் முழுகினால் மடையானும் கானாங்கோழியும் கிணற்றடி வரைக்கும் வந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் போய்விடும். தையில் சம்பா அறுவடை. அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கியதும் பூச்சியும் தவளையும் சிதறும். பின்னாலேயே உண்ணிக்கொக்கு, மைனா, கரிச்சான் எல்லாம் கூட்டமாகப் போகும். அந்த வாரத்தில் கொல்லை வெறிச்சோடிக் கிடக்கும். சிந்திய நெல்லுக்காகப் புறாக்கள் களத்துக்கும், நெல் காயப் போட்டிருக்கும் ரோட்டுக்கும் நகர்ந்துவிடும். உளுந்து, பயறு முளைத்து வளர்ந்த பிறகு கணக்கு மறுபடி மாறும்.

இந்த வேலைகள் எல்லா வருடமும் ஒரே தேதியில் நடப்பதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய ஊர்களில் தண்ணீர் தள்ளிப்போனால் நடவு தள்ளிப்போகும், அறுவடையும் தள்ளிப்போகும். அப்படியிருக்க, போன வருடப் பொங்கலன்று இத்தனை, இந்த வருடப் பொங்கலன்று இத்தனை என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் கதிர் வயலில் நிற்கும், மற்றதில் வெறும் தாள்தான் இருக்கும். தேதிக்குப் பக்கத்தில் ‘கதிர் நிற்கிறது’, ‘அறுப்பு நடக்கிறது’, ‘உளுந்து பூத்திருக்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். கோரையாறு, வெட்டாறு, அரசலாறு, எந்த ஆற்றுப் பாசனமாக இருந்தாலும் அந்த ஒரு வரி பின்னால் உதவும்.

“இது தினம் பார்க்கிறதுதானே” என்று எழுதாமல் விடுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். மற்ற தவறுகளைப் பாதியில் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த வழியே இல்லை.

நோட்டைத் திறந்தால் ஆறுமணிக்குருவி இருக்கும், அதற்கு இரண்டு கோடு போட்டிருப்பார்கள். அரசவால் ஈப்பிடிப்பான் இருக்கும், அதற்குப் படம் வரைந்திருப்பார்கள். மாங்குயில் இருக்கும். காகம் இருக்காது, மைனா இருக்காது, தவிட்டுக்குருவி இருக்காது. கேட்டால், “அது எப்பவும் இருக்கிறதுதானே” என்பார்கள். எதுவுமே வராத காலைக்கு அந்த நோட்டில் பக்கமே கிடையாது.

இதனால் என்ன நஷ்டம் என்பதை 2018 நவம்பருக்குப் பிறகுதான் பலரும் முழுதாக உணர்ந்தோம். நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கத்தில் கஜா புயல் கரை ஏறியது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னந்தோப்புகள் சாய்ந்தன. வீட்டுக் கொல்லையில் நின்ற மா, பலா, முருங்கையும் ஏராளமாகச் சாய்ந்தன. வலசை வந்த பறவைகள் வந்து இறங்கியிருந்த நேரம் அது. மக்கள் வீட்டையும் வாழ்க்கையையும் நிமிர்த்தி எடுத்த பிறகு, ஒரு கட்டத்தில், பறவைகளுக்கு என்ன ஆனது என்ற கேள்வியும் வந்தது.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பல வருட நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். புயலிலும் நனையாமல் காப்பாற்றியிருந்தார். ஆவலோடு உட்கார்ந்து புரட்டினோம். முத்து முத்தான கையெழுத்து. எந்த வருடம் எந்த நாள் ஆறுமணிக்குருவி வந்தது என்று தெரிந்தது. ஆனால் புயலுக்கு முன்னால் அவர் கொல்லையில் ஒரு காலை நேரத்தில் சாதாரணமாக எத்தனை மைனா இருக்கும்? எத்தனை பச்சைக்கிளி? வால்காக்கை இருந்ததா? ஒரு வரிகூட இல்லை. அவருக்கும் நினைவில்லை. “நிறைய இருக்கும்” என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

பட்டுப்போன தென்னை, பனையின் பொந்துகளில் மைனாவும் கிளியும் கூடு வைக்கும். புயல் தலையைக் கிள்ளிவிட்டுப் போன மொட்டை மரங்கள் சில தோப்புகளில் கொஞ்ச காலம் நின்றன. அந்தக் காலத்தில் மைனாவும் கிளியும் கூடினவா? மரங்களை வெட்டி அகற்றியதும் குறைந்தனவா? அருமையான கேள்விகள். எல்லாப் பறவையையும் எழுதிய நோட்டு ஊருக்கு ஒன்று இருந்திருந்தால்கூடப் பதில் கிடைத்திருக்கும். போன காலத்தைத் திரும்பப் போய் எண்ண முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பறவை கூடுகிறதா குறைகிறதா என்று ஆய்வாளர்கள் பார்ப்பது பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையை வைத்து அல்ல. முழுமையான பட்டியல்கள் நூறு இருந்தால் அவற்றில் எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்பதை வைத்து. பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பட்டியலை அனுப்பும்போது, உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கேட்பது இதற்காகத்தான். காகத்தை விட்டுவிட்டு ‘ஆம்’ என்று அழுத்தினால், அன்றைக்கு உங்கள் கொல்லையில் காகமே இல்லை என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அதில் இல்லாத பறவைக்கும் மதிப்பு வரும்.

இதைப் பெரியவர்களே பிள்ளைகளுக்குத் தப்பாகக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு, யார் அரிய பறவையைப் பார்க்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு புளியமரத்தடியில் நின்று மைனா, காகம், தவிட்டுக்குருவி, அணில்கூட விடாமல் எழுதியிருந்தாள். அன்று வந்த பட்டியல்களில் அதுதான் சிறந்தது. பரிசு, யாரும் பார்க்காத ஒரு பறவையைப் பார்த்ததாக எழுதிய பையனுக்குப் போனது. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் மைனாவை எழுதமாட்டாள்.

செய்ய வேண்டியது எளிது. உட்கார்ந்த நேரத்தில் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். வெறும் பெயர் போதாது, எண்ணும் வேண்டும். கூட்டமாகப் பறந்தால் உத்தேசமாக எழுதலாம், ‘நிறைய’ என்று எழுதக்கூடாது. ஒன்றும் வராத நாளில் தேதி, நேரம் போட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள்.

ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது

தவிட்டுக்குருவி கூட்டமாகத்தான் திரியும். காலையில் வாழையடியில் எட்டு, கொஞ்ச நேரம் கழித்து வைக்கோல் போரில் ஏழு, அப்புறம் மாட்டுக் கொட்டகையில் எட்டு. இதைக் கூட்டி இருபத்துமூன்று என்று எழுதுகிறார்கள். ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சம்தான் கணக்கு. எட்டு.

நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது

ஒரே இடம், ஒரே நேரம், குறைந்தது 15 நிமிடம்.

சத்தம் குறைந்தால் பறவை குறைந்தது என்று நினைப்பது

“குயிலையே காணோம், போன சித்திரையில் எவ்வளவு கூவிச்சு” என்று மார்கழியில் கவலைப்படுபவர்கள் உண்டு. குயில் எங்கேயும் போகவில்லை. இனப்பெருக்கக் காலத்தில்தான் அது விடாமல் கூவும். பனிக்காலத்தில் பெரும்பாலும் வாய் திறக்காமல் பழ மரத்தின் அடர்த்திக்குள் உட்கார்ந்திருக்கும். குண்டுகரிச்சானும் அப்படித்தான். கோடையில் ஓட்டு முகட்டில் நின்று பாடுகிற ஆண், இப்போது வேலியோரம் சத்தமில்லாமல் இரை தேடும். அதனால் பனிக்காலத்தில் காதை மட்டும் நம்பி எண்ணினால் உள்ளூர்ப் பறவைகள் குறைந்தது போலவும் வெளியூர்ப் பறவைகள் கூடியது போலவும் தோன்றும். ஆறுமணிக்குருவி காலையும் மாலையும் குரல் கொடுக்கிறது, நாணல் கதிர்க்குருவி பகல் முழுக்க ‘டக், டக்’ என்கிறது. குயில் பேசாமல் இருக்கிறது. எழுதும்போது கண்டதா, கேட்டதா என்று குறித்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

குரலைக் கேட்டுச் செல்போன் செயலி சொன்ன பெயரை அப்படியே எழுதுவதும் இதில்தான் சேரும். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். மரத்தில் பார்க்காமல் வல்லூறு என்று எழுதாதீர்கள்.

சோறு வைத்துவிட்டு எண்ணுவது

வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. வைத்தால் வைத்ததாக எழுதுங்கள். முக்கியமாகக் கனு அன்று. பொங்கலுக்கு மறுநாள் காலையில் மாடியிலும் முற்றத்திலும் மஞ்சள் இலை விரித்துக் கனுப்பிடி வைக்கிறோம், தெருவில் இருக்கிற காகமெல்லாம் வந்துவிடும். பொங்கல் கணக்கெடுப்பு அதே நாட்களில்தான் நடக்கிறது. தை அமாவாசைக்கும் இதே நிலைமை. அந்த எண்ணை வைத்துக் காகம் பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வது

இந்தத் தை மாதம் சிட்டுக்குருவி வரவில்லை, அதனால் செல்போன் டவர்தான் காரணம் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். 2020இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது. உங்கள் தெருவில் குறைந்திருந்தால் அதற்குத் தெருவிலேயே காரணம் தேடுங்கள். ஓட்டு வீடு இடிந்து தளம் போட்ட வீடு வந்ததா? குருவி கூடு வைக்கிற இடுக்கு போனதா? களத்தில் தூற்றிய நெல் இப்போது இயந்திரத்திலிருந்து நேராக வண்டிக்குப் போகிறதா? ஒரு வருட இறக்கம் மழையாலும் வரலாம், அறுவடைத் தேதியாலும் வரலாம். நாலைந்து பருவம் ஒரே முறையில் எண்ணிய பிறகு பேசலாம்.

பிப்ரவரியோடு நோட்டை மூடுவது

உலக அளவில் கொல்லைப்புறப் பறவைகளைக் கணக்கெடுப்பது பிப்ரவரியில், நான்கு நாள். 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கி, 2013இல் உலகம் முழுக்க விரிந்தது. அதில் கலந்துகொண்டு சான்றிதழும் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பறவைகளுக்கு அப்போது இன்னும் பருவம் முடியவில்லை. கீச்சானும் கதிர்க்குருவியும் ஏப்ரலிலும் கொல்லையில் இருக்கும். கிளம்புவதற்கு முன் நன்றாகத் தின்று உடம்பைத் தேற்றும் காலம் அது.

ஒரு பறவை எந்த நாள் போனது என்பதை அது போகிற நாளில் யாராலும் எழுத முடியாது. அதற்குப் பிறகு வரிசையாக அது இல்லாத பட்டியல்கள் வந்தால்தான், கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதி என்று தெரியும். பங்குனி முழுக்கவும் சித்திரை பாதி வரையிலும் அதே திண்ணையில், அதே நேரத்தில் உட்காருங்கள். காகம், மைனா, தவிட்டுக்குருவி மட்டும் வந்தால் அவற்றை எழுதிவிட்டு எழுந்திருங்கள்.