மனநல வார்டில் தன்னார்வப் பணி: மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பதாரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அங்க போய் சீட்டுதான் ஆடுறேன். இதை கிளினிக்கல் அனுபவம்னு எழுதலாமா?" அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் மாணவர்கள், மனநல வார்டில் சில வாரம் தன்னார்வலராக இருந்ததும் என்னிடம் கேட்பது இதைத்தான். தயங்காமல் எழுதலாம். ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டீர்களா என்பது அளவுகோல் அல்ல. சிகிச்சையில் இருப்பவரோடு நேருக்கு நேர் பழகினீர்களா என்பதே கேள்வி. நாள் முழுக்க யாரிடமும் பேசாத ஒருவர், நீங்கள் போட்ட சீட்டைக் கையில் எடுக்கிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அதை ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு.

அதே மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கோப்பு அடுக்கிய மணிநேரத்தை இதோடு சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் தவறுதான். அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் பொதுவாக அனுப்பும் ஆம்காஸ் (AMCAS) விண்ணப்பத்தில் மருத்துவம் சார்ந்த தன்னார்வப் பணி, சாராத பணி, மருத்துவரின் உடனிருந்து பார்க்கும் ஷேடோயிங் எல்லாம் தனித்தனி வகைகள். ஒரே மணிநேரத்தை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது. முடித்த நேரத்தையும் இனிமேல் செய்யப்போகும் நேரத்தையும் கலக்கவும் கூடாது.

கடைசி நேரத்தில் இடம் தேடுவது இன்னொரு தவறு. பூட்டிய வார்டுக்குள் தன்னார்வலர்களை எல்லா மருத்துவமனையும் விடுவதில்லை. விடும் இடங்களிலும் பெரும்பாலும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பின்னணிச் சோதனை, டி.பி. பரிசோதனை, தடுப்பூசிச் சான்று, பயிற்சி என்று வாரக்கணக்கில் இழுக்கும். இடம் கிடைக்காவிட்டால் மனநலப் பிரிவு டெக்னீஷியன் போன்ற சம்பள வேலைகளைப் பாருங்கள். அதுவும் கிளினிக்கல் அனுபவம்தான். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் சைக்கியாட்ரிக் டெக்னீஷியன் என்ற பெயரில் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

உள்ளே போகும்போது

முதல் நாள் நான் சுருள் கம்பி நோட்டுப் புத்தகத்தோடு போனேன். நர்ஸ் அதை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டு, கம்பியை உருவினால் என்ன செய்ய முடியும் என்று பொறுமையாக விளக்கினார். நாடா வைத்த மேல்சட்டை, கழுத்தில் மாட்டும் சாதாரண லேன்யார்டு, பிளாஸ்டிக் பை, கண்ணாடிப் பொருள் எதுவும் வேண்டாம். கதவைத் திறந்தால் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்து, அது பூட்டிக்கொள்ளும் வரை அங்கேயே நில்லுங்கள்.

பேச்சில் வரும் தவறுகள்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருவர் கேட்டபோது, முதல் மாதத்தில் நான் "சரி" என்றுவிட்டேன். அவர் அடுத்துச் சொன்னதை நர்ஸிடம் சொல்லாமல் இருக்கவே முடியாது. சொன்னேன். என்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "உங்க பாதுகாப்புக்கோ இன்னொருத்தர் பாதுகாப்புக்கோ ஆபத்துன்னா நர்ஸ்கிட்ட சொல்லிடுவேன்." யாராவது தற்கொலை பற்றிப் பேசினால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தன்னை யாரோ கண்காணிப்பதாக ஒருவர் சொன்னால், அது பொய் என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "அது ரொம்பப் பயமா இருக்கும்ல" என்று அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "ஏன் இங்க வந்தீங்க?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். போன் நம்பர், இன்ஸ்டாகிராம், பரிசுப் பொருள் எதுவும் கைமாறக் கூடாது.

அங்கே இருப்பவர்களில் சிலர் விருப்பமில்லாமல் வைக்கப்பட்டிருப்பார்கள். கலிபோர்னியாவின் 5150 சட்டப் பிரிவில் ஒருவரை 72 மணிநேரம் வரை மதிப்பீட்டுக்காக வைத்திருக்க முடியும். மாலையானால் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவரால் முடியாது. அதனால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடும் முன் "உட்காரலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். அன்று அவர் சொன்ன "வேண்டாம்"களில் மதிக்கப்பட்டது அது ஒன்றாக மட்டும்கூட இருக்கலாம்.

ரகசியம்

நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும், 1996ல் வந்த ஹிப்பா (HIPAA) சட்டத்தைப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. வயது, ஊர், அரிதான ஒரு சம்பவம் என்று சேர்த்துச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருவர் அங்கே இருந்தார் என்பதே ரகசியம்தான். நம் தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தெரிந்த முகத்தை வார்டில் பார்த்தால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லி வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள், வீட்டில் வாய் திறக்காதீர்கள். பிறகு அவரைத் தமிழ்ச் சங்க விழாவில் பார்த்தால் அவராக வந்து பேசட்டும்.

விண்ணப்பத்தில் எழுதும்போது

ஆம்காஸில் அதிகபட்சம் 15 செயல்பாடுகளைக் காட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். மிக முக்கியமானவை என்று நீங்கள் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1325. இவ்வளவு குறைந்த இடத்தை "முதலில் பயந்தேன், பிறகு அவர்களும் மனிதர்கள்தான் என்று புரிந்தது" என்பதில் வீணாக்காதீர்கள். அவர்கள் மனிதர்கள் என்பது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒருவரை நீங்கள் குணப்படுத்தியது போலவும் எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், அடுத்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். 'சிசோஃப்ரினிக்' என்று ஆளையே நோயாக்காமல் 'சிசோஃப்ரினியாவோடு வாழ்பவர்' என்ற தொனியில் எழுதுங்கள். வீட்டுப் பேச்சில் சர்வசாதாரணமாக வரும் 'மெண்டல்', 'லூசு' எல்லாம் அந்த வார்டுக்குப் போகத் தொடங்கிய நாளிலேயே நிற்க வேண்டும்.

உங்களுக்கே மனநலச் சிகிச்சை பெற்ற அனுபவம் இருந்தால் அதை எழுதியே ஆகவேண்டும் என்று இல்லை. எழுதுவதாக இருந்தால், மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் பிரீ-மெட் ஆலோசகரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மனநல வார்டு மணிநேரம் மட்டும் போதுமா என்றால், முடிந்தால் வேறொரு பிரிவிலும் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள்.

விலகும் முன் பொறுப்பாளரின் பெயர், மின்னஞ்சல், உங்கள் மணிநேரப் பதிவு மூன்றையும் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தில் தொடர்பு நபரைக் குறிப்பிட வேண்டும். அதற்குள் அவர் வேலை மாறியிருக்கலாம். நோயாளிகளிடம் எப்படி விடைபெறுவது என்று ஊழியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனி வரப்போவதில்லை என்றால் யாரிடமும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.