சேற்றுக் கடலுக்கு ஏற்ற நங்கூரமும் சங்கிலியும்: புதியவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சித்தியவானைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்தான், ஆனால் லுமுட் கடல் காரில் கொஞ்ச நேரத் தூரம். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே படகுப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். ஓரிருவர் கூட்டுச் சேர்ந்து பழைய பாய்மரப் படகும் வாங்கிவிட்டார்கள். எஞ்சினைப் பற்றியும் பாயைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள், நங்கூரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. சுமத்ரா காற்று விடியற்காலையில் திடீரென்று அடிக்கும்போது படகைப் பிடித்து வைப்பது அதுதான்.

படி 1: நங்கூரத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கடலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆற்று முகங்களில் இளகிய சேறு. பங்கோர் தீவின் மேற்குக் கடற்கரைகளில் மணல்.

பழைய படகு வாங்கினால் அதோடு பெரும்பாலும் சி.க்யூ.ஆர். என்ற கலப்பை வடிவ நங்கூரம் வரும். ஜெஃப்ரி டெய்லர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கடல் விமானங்களுக்காக 1933-ல் வடிவமைத்தது. நல்ல மணலில் பிடிக்கும், இளகிய சேற்றிலோ உழுதுகொண்டே போய்விடும். சேற்றில் மிக நன்றாகப் பிடிப்பது அகலத் தகடுகள் கொண்ட டான்ஃபோர்த் வகை. அந்த வகையைச் சேர்ந்த ஃபோர்ட்ரெஸ் நங்கூரத்தில் தகடுகளின் கோணத்தைச் சேற்றுக்காக 45 டிகிரிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆற்றில் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை திரும்பும். படகும் சுற்றும்போது இந்த வகை பிடுங்கிக்கொண்டால் மறுபடி தானாகப் புதையும் என்று நம்ப முடியாது. அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் நங்கூரமாக ரோக்னா, மான்டஸ் போன்ற புதிய வடிவம், இரண்டாவதாக ஃபோர்ட்ரெஸ். 10 மீட்டர் படகுக்கு ரோக்னா 15 கிலோ, கனமான படகென்றால் 20. தயாரிப்பாளரின் அட்டவணையில் இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள்.

படி 2: சங்கிலி வாங்குங்கள்

10 மீட்டர் படகுக்கு 8 மி.மீ. சங்கிலி போதும். மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ எடை.

டவுன் இரும்புக்கடையில் லாரிக்கும் டிராக்டருக்கும் விற்கும் கறுப்புச் சங்கிலி மலிவாகக் கிடைக்கும், கனமாகவும் இருக்கும். அதை வாங்காதீர்கள். அதற்குத் துத்தநாக முலாம் கிடையாது, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருவேறிவிடும். இன்னொன்று, விண்ட்லாஸின் (சங்கிலியை மேலே இழுக்கும் பொறி) பல்சக்கரத்தில் உட்காருகிற சங்கிலிதான் வேண்டும். 10 மி.மீ. சங்கிலியிலேயே டின் 766 என்ற ஜெர்மன் தரத்தில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்தில் 30. இரண்டும் ஒரே சக்கரத்தில் ஓடாது. பழைய சங்கிலியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

எவர்சில்வர் சங்கிலி பளபளக்கும். ஆனால் காற்றுப் படாத சேற்றில் கிடக்கும்போது அதில் உண்டாகும் அரிப்பு கண்ணுக்குத் தெரியாது. முலாம் பூசிய சங்கிலி துருவைக் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கும். எனக்கு அதுதான் நம்பிக்கை.

படி 3: எத்தனை மீட்டர் விட வேண்டும்?

தண்ணீர் ஆழம் 5 மீட்டர், ஏறப்போகும் ஓதம் 2.5, தண்ணீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8.5. அமைதியான நாளில் இதைப் போல 5 மடங்கு, காற்று அடிக்கும் என்றால் 7 மடங்கு, அதாவது 60 மீட்டர். ஓதத்தையும் முன்முனை உயரத்தையும் கணக்கில் விட்டுவிடுவதால்தான் பலர் இரவில் இழுபட்டுப் போகிறார்கள். பத்து மீட்டருக்கு ஒரு முறை சங்கிலியில் பெயிண்ட் அடித்து வையுங்கள்.

நங்கூரம் தரை தொட்டதும் படகைப் பின்னால் போகவிட்டு, சங்கிலியை மெதுவாக விடுங்கள். குவித்துப் போடக் கூடாது. அப்புறம் ரிவர்ஸ் கியரில் மெல்ல இழுத்து, கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களைப் பாருங்கள். அவை விலகாவிட்டால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சேறு என்றால் கொஞ்ச நேரம் அமரவிட்டு, பிறகு இழுத்துப் பார்ப்பது நல்லது.

சுமையை விண்ட்லாஸில் விடாதீர்கள். 5 மீட்டருக்குக் குறையாத நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையைப் படகின் கட்டையில் கட்டுங்கள். கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

படி 4: கையால் தொட்டுப் பாருங்கள்

நங்கூரம் மேலே வரும்போதே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள். சேறோடு உள்ளே போனால் சங்கிலிப் பெட்டி நாறும், ஈரம் காயாது, வடிகால் துளையும் அடைத்துக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சங்கிலியையும் சிமெந்துத் தரையில் பரப்புங்கள். நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு கண்ணியாக விரல் ஓட்டுங்கள். மோட்டார் பட்டறையில் கேலிபர் இரவல் வாங்கி, கண்ணியின் நடுப்பகுதியில் அல்ல, அடுத்த கண்ணி உரசுகிற வளைவில் அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7.2-க்கு வந்துவிட்டால் அந்தச் சங்கிலிக்கு ஓய்வு கொடுங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் பயமில்லை. செதில் செதிலாக உரிந்து, குழி விழுந்திருந்தால் வேண்டாம். தேய்மானம் அதிகம் நங்கூரத்தை ஒட்டிய மீட்டர்களில்தான், ஆகவே அந்தப் பரப்பும் நாளிலேயே சங்கிலியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிவிடுங்கள்.

நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஆணியைக் கம்பி சுற்றிக் கட்டுங்கள். கட்டாத ஆணி தானாகக் கழன்றுவிடும்.

சங்கிலியின் உள்முனையைப் பெட்டிக்குள் இரும்போடு இரும்பாகப் பூட்டாதீர்கள், மேல்தளம் வரை எட்டும் கயிறு போட்டுக் கட்டுங்கள். இன்னொரு படகு இழுபட்டு உங்கள் மேல் வந்தால் அந்தக் கயிற்றில் ஒரு ஃபெண்டரை (படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மிதவை) கட்டி, வெட்டிவிட்டு விலகலாம். மிதக்கும் ஃபெண்டரைப் பார்த்துக் காலையில் வந்து நங்கூரத்தை எடுத்துக்கொள்ளலாம்.