மிஸ்டாராவின் பழைய மேப்களை ஒப்பிட்டுப் புதுப்பிப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் பழைய கற்பனை உலகங்களில் மிஸ்டாராவுக்கு ஒரு தனி வசதி உண்டு. ஒரே நாட்டை வெவ்வேறு அளவுகளில், வெவ்வேறு வருடங்களில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். 1981இல் எக்ஸ்பர்ட் செட் என்ற விதிப் பெட்டியோடு வந்த 'தி ஐல் ஆஃப் டிரெட்' சாகசத்தின் பெரிய மேப்பில் ஒரு ஹெக்ஸுக்கு, அதாவது மேப்பில் உள்ள ஒரு அறுகோணத்துக்கு, 24 மைல். அதே செட்டின் விதிப் புத்தகத்தில் காரமெய்காஸ் நாட்டுக்கு மட்டும் ஹெக்ஸுக்கு 6 மைல். 1987இல் தொடங்கிய, நாடுகளை விவரிக்கும் கெசட்டியர் புத்தக வரிசையில் 8 மைல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடற்கரை ஒத்துப்போகாது, காடு நகரும். எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதலில் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவோம்.

முதல் படி: சின்னதாக ஆரம்பியுங்கள்

முழு உலகத்தையும் எடுக்க வேண்டாம். காரமெய்காஸ் ஒன்று போதும். படம் திருத்தும் ஜிம்ப், கோடு வரையும் இங்க்ஸ்கேப் இரண்டு மென்பொருளையும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். காகித மேப் என்றால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கோடுகள் வளையும், அங்கே மட்டும் அளக்காதீர்கள்.

இரண்டாம் படி: அளவைச் சமன் செய்தல்

புதிதாகச் செய்பவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஒரு ஹெக்ஸை மட்டும் அளந்தால் ஓரிரு பிக்சல் தப்பும், அந்தத் தப்பு மேப்பின் மறுகோடிக்குப் போவதற்குள் ஒரு முழு ஹெக்ஸாகப் பெருகிவிடும். அதனால் 20 ஹெக்ஸை வரிசையாக அளந்து 20ஆல் வகுங்கள். தட்டையான பக்கத்திலிருந்து எதிரே உள்ள தட்டையான பக்கம் வரை போகும் திசையில்தான் அளக்க வேண்டும். முனை இருக்கும் திசையில் அளந்தால் கணக்கே வேறு.

20 ஹெக்ஸுக்கு 1,240 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 62. நமக்கு 8 மைல் ஹெக்ஸ் 60 பிக்சலில் வேண்டும் என்றால், படத்தை 96.8 சதவீதமாகச் சுருக்க வேண்டும். அதே கணக்கில் 24 மைல் ஹெக்ஸ் 180 பிக்சல், 6 மைல் ஹெக்ஸ் 45 பிக்சல். சுருக்கிய பிறகு வேறொரு திசையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஸ்கேனில் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஒன்றன்மேல் ஒன்று

ஜிம்ப்பில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' கொடுத்து மேப்களைத் தனித்தனி லேயராகத் திறந்து, கீழே இருப்பது தெரியும்படி மேலே உள்ளதன் ஓப்பாசிட்டியை 50 சதவீதமாகக் குறையுங்கள். இப்போது மூன்று புள்ளிகளைப் பிடித்துப் பொருத்த வேண்டும். தலைநகர் ஸ்பெகுலாரம், நதிகள் கூடுகிற கெல்வின், கடற்கரையில் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு முனை. மலைக் குறியையோ காட்டின் விளிம்பையோ நம்பாதீர்கள். அவை ஓவியர் கைபோன போக்கில் வருபவை.

'டிஃபரன்ஸ்' மோடைப் போட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும் என்று பலர் சொல்வார்கள். ஒரே படத்தின் இரண்டு அச்சுகளுக்கு அது சரி. நிறமும் குறியும் மாறிய மேப்களில் எல்லாமே வித்தியாசமாகத்தான் தெரியும், கண் வலிதான் மிச்சம். அதைவிட இங்க்ஸ்கேப்பில் பழைய கடற்கரையைச் சிவப்பிலும் புதியதை நீலத்திலும் கையால் வரைந்துகொள்ளுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் வரையும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நான்காம் படி: வித்தியாசத்தைப் பிரித்தல்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து இடம், பழைய மேப்பில் என்ன, புதியதில் என்ன, காரணம் என்று நிரப்புங்கள். காரணம்தான் முக்கியமான பத்தி.

பல வித்தியாசங்களுக்கு அளவு மட்டுமே காரணமாக இருக்கும். இரண்டு கட்டங்களும் ஒரே திசையில் இருந்து நடுப்புள்ளி பொருந்தினால், ஒரு 24 மைல் ஹெக்ஸுக்குள் ஏழு 8 மைல் ஹெக்ஸ் முழுதாக இருக்கும். ஆறு முனைகளிலும் மூன்றில் ஒரு பங்கு வீதம் சேர்த்தால் மொத்தம் 9. அதில் ஐந்து காடு, நான்கு புல்வெளி என்றால் பெரிய மேப்பில் காடு என்று ஒரே குறிதான் போட முடியும். இது முரண்பாடே இல்லை. சும்மா விடுங்கள்.

அடுத்தது அச்சுப் பிழை: நதி நடுவழியில் நின்றுபோவது, ஊர்ப் பெயர் பக்கத்து ஹெக்ஸில் உட்கார்ந்திருப்பது. கூட வரும் புத்தகத்தின் வர்ணனையைப் படித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணம் உலகத்துக்குள் நகரும் வருடம். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அச்சான வருடத்தைப் பார்க்கிறார்கள், உலகத்துக்குள் நடக்கும் வருடத்தைப் பார்ப்பதில்லை. கெசட்டியர்கள் ஏசி 1000ஆம் ஆண்டில் நிற்கின்றன (ஏசி என்பது மிஸ்டாராவின் ஆண்டுக் கணக்கு). 1992இல் வந்த 'ராத் ஆஃப் தி இம்மார்ட்டல்ஸ்' பெட்டியில் நடக்கும் போரில் நிலமே மாறிப்போகிறது. கிளாந்திரி, டாரோகின் நாடுகளின் எல்லையில் விண்கல் விழுந்து பெரும் பள்ளம். ஏசி 1009இல் அல்ஃபேஷியா கண்டமே கடலுக்குள் போய்விடுகிறது. 1994இல் வந்த காரமெய்காஸ் பெட்டியில் ஸ்பெகுலாரத்தின் பெயர் மிர்ரோஸ். இவற்றையெல்லாம் பிழை என்று நினைத்துத் திருத்தினால் உலகத்தின் சரித்திரத்தையே அழித்ததாகிவிடும். அதனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் உலக ஆண்டுக்கு என்று தனியாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

இரண்டு மேப்பும் ஒரே உலக ஆண்டு, அளவும் காரணமில்லை, பிழையும் இல்லை, ஆனாலும் வேறாக இருக்கின்றன என்றால்? பின்னால் வந்தவர்கள் மனம் மாறி வரைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நான் எப்போதும் 8 மைல் மேப்பின் பக்கம்தான். அதில்தான் ஊரும் பாதையும் ஆட்டத்துக்கு உதவும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன.

ஐந்தாம் படி: புதுப்பித்தல்

அசலை அப்படியே ஹெக்ஸுக்கு ஹெக்ஸ் நகலெடுத்து, பிழையோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். வேர்ல்டோகிராஃபர் போன்ற ஹெக்ஸ் மேப் வரையும் மென்பொருளில் இது சீக்கிரம் முடியும். திருத்தம் எல்லாம் அதன் பிரதியில்தான். பெயரை 'காரமெய்காஸ்-8மைல்-ஏசி1000-திருத்தம்2' என்பது போல வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. ஏசி 1012க்கு மேப் வேண்டுமா? அதற்குத் தனி ஃபைல்.

மாற்றிய ஒவ்வொரு ஹெக்ஸிலும் ஒரு சின்னப் புள்ளி வைத்து, அதை மட்டும் தனி லேயரில் போடுங்கள். ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போது அந்த லேயரை மறைத்துவிடலாம்.

காரமெய்காஸ் முடிந்ததும் வடக்கே டாரோகின். அதன் கெசட்டியர் 1989இல் வந்தது, அதுவும் 8 மைல்தான். ஆனால் எல்லையை ஒட்டிய ஹெக்ஸ் வரிசைகள் இரண்டிலும் வருகின்றனவா என்று முதலில் பார்த்து, அங்கிருந்து பொருத்த ஆரம்பியுங்கள். டாரோகின் நகரத்திலிருந்து தொடங்கினால் எல்லைக்கு வரும்போது அரை ஹெக்ஸ் இடிக்கும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும்.