டிரெசாஜுக்குக் குட்டைக் குதிரை போதுமா?

டிரெசாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக்காட்டும் சவாரிக் கலை) என்றாலே 17 கை உயரக் குதிரை வேண்டும் (ஒரு கை என்பது 4 அங்குலம்) என்பவர்கள் வியன்னாவின் லிப்பிசானர் இனக் குதிரைகளைப் பார்க்கட்டும். பெரும்பாலும் 15 கை அளவுதான். சராசரி உயரமுள்ளவருக்குக் குட்டைக் குதிரை கைக்கு அடக்கம். 10 மீட்டர் வட்டத்தில் திருப்புவதும் சுலபம்.

ஆனால் உயரத்தைவிட விலாவைப் பாருங்கள். ஏறி உட்கார்ந்து, கால் எங்கே முடிகிறது என்று கீழே நிற்பவரிடம் கேளுங்கள். குதிகால் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கினால், காலால் தரும் ஒவ்வொரு சைகைக்கும் காலை மேலே தூக்க வேண்டிவரும். அது உட்காரும் நிலையையே கெடுத்துவிடும். நெஞ்சு ஆழமாகவும் உடம்பு உருண்டும் இருக்கும் கான்னெமாரா, வெல்ஷ் காப் குதிரை வகைகள் நீளக் கால் உள்ளவருக்கும் பொருந்தும்.

அப்புறம் சேணம். கடைசி விலா எலும்பைத் தாண்டி அது பின்னால் போகக் கூடாது. குட்டை முதுகில் சிக்கல் இங்கேதான் வரும். சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும்: 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ.

கடைசியாக, மணலில் நடக்கவிட்டுத் தடத்தைப் பாருங்கள். முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டிப் பின்னங்குளம்பு விழுகிறதா? சரி, நடை வீச்சாக இருக்கிறது; விலை பேசலாம்.