பாயிண்ட் இருக்கிறது, சீட் எங்கே? அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு பிசினஸ் கிளாஸ்

கிரெடிட் கார்டு பாயிண்ட்டை விமான நிறுவனத்தின் மைலாக (அந்த நிறுவனத்தின் சொந்தப் பாயிண்ட்) மாற்றி பிசினஸ் கிளாஸில் ஊருக்குப் போக நினைப்பவர்களில் பாதிப் பேர் முதல் நாளே ஒரு தவறு செய்கிறார்கள். பாயிண்ட்டை மாற்றிவிட்டு, அதன் பிறகு சீட் தேட உட்காருகிறார்கள். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போன பாயிண்ட் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வராது. சீட் கிடைக்காவிட்டால், அடுத்த வருடம் வரை அந்த மைல் அங்கேயே கிடக்கும். நடுவில் அந்த நிறுவனம் விலையை ஏற்றினால் அதையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வரிசை இதுதான்: கணக்குகளைத் தயார் செய்வது, சீட் தேடுவது, சீட்டைக் கண்ணால் பார்ப்பது, அதன் பிறகு மாற்றுவது, உடனே டிக்கெட் போடுவது.

எல்லா வழிகளையும் சொன்னால் எதுவும் கைக்கு வராது. ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்வோம்: கத்தார் ஏர்வேஸ் விமானத்தில் நியூயார்க், தோஹா, சென்னை. டிக்கெட்டை வாங்குவது கத்தாரிடம் அல்ல, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏஅட்வான்டேஜ் மைலில். இரண்டும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருப்பதால் இது முடிகிறது.

ஏன் அமெரிக்கன்? கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களுக்கு அது இன்னும் நிலையான விலைப் பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மத்திய கிழக்கும் இந்தியத் துணைக்கண்டமும் சேர்ந்த மண்டலத்துக்கு ஒருவழி பிசினஸ் கிளாஸ் 70,000 மைல். தோஹாவில் இறங்கினாலும் 70,000, சென்னை வரை போனாலும் 70,000. உள்நாட்டு விமானத்தையும் அதிலேயே சேர்க்கலாம். ஆஸ்டினிலிருந்து டல்லஸ், அங்கிருந்து தோஹா, பிறகு சென்னை என்றாலும், உள்நாட்டுப் பகுதியில் குறைந்த விலை அவார்ட் சீட் (மைலில் வாங்கக்கூடிய சீட்) இருக்கும் வரை கணக்கு மாறாது. கத்தார் விதிக்கும் கூடுதல் கட்டணங்களை அமெரிக்கன் நம்மிடம் வசூலிப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு வரி பெரும்பாலும் நூறு டாலருக்குள் முடிந்துவிடும்.

இதே சீட்டை ஏவியோஸில், அதாவது பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தாரும் பயன்படுத்தும் மைலில் வாங்கினால், நியூயார்க்கிலிருந்து தோஹாவுக்கு மட்டுமே 70,000 ஏவியோஸ். தோஹாவிலிருந்து சென்னைக்குத் தனியாகக் கூடும், மேல் கட்டணமும் உண்டு. ஆனாலும் அந்த வழியை ஒதுக்கிவிட முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

எந்த வங்கியின் பாயிண்ட் எங்கே போகும்

ஏஅட்வான்டேஜுக்கு சேஸ், அமெக்ஸ், கேபிடல் ஒன் மூன்றிலிருந்தும் மாற்ற முடியாது. சிட்டி வங்கியின் தாங்க்யூ பாயிண்ட்டை 2025 ஜூலையிலிருந்து மாற்றலாம். ஸ்ட்ராட்டா பிரீமியர், ஸ்ட்ராட்டா எலீட், பிரெஸ்டீஜ் கார்டு இருந்தால் ஒன்றுக்கு ஒன்று. ஆண்டுக் கட்டணம் இல்லாத டபுள் கேஷ் போன்ற கார்டு மட்டும் கையில் இருந்தால் 1,000 பாயிண்ட்டுக்கு 700 மைல்தான். இங்கே ஒரு சூட்சுமம்: டபுள் கேஷ் பாயிண்ட்டை உங்களுடைய ஸ்ட்ராட்டா பிரீமியர் கணக்கோடு சேர்த்துவிட்டால் முழு மதிப்பில் மாற்றலாம். பிரீமியரின் ஆண்டுக் கட்டணம் 95 டாலர். 70,000 மைல் வேண்டும் என்றால் அந்தக் கார்டு இல்லாமல் ஒரு லட்சம் பாயிண்ட் செலவாகும். எது லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகச் சேர்த்திருந்தால் சிட்டியில் ஒருவர் மற்றவருக்குப் பாயிண்ட்டைப் பகிரலாம். ஆனால் பகிர்ந்து வந்த பாயிண்ட் 90 நாளில் காலாவதியாகும். அதனால் சீட் கண்ணில் படும் வரை பகிராதீர்கள்.

சேஸ் பாயிண்ட் மட்டும்தான் இருக்கிறதா? பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்குக்கு ஏவியோஸாக மாற்றி, அங்கிருந்து கத்தாரின் மைல் திட்டமான பிரிவிலேஜ் கிளப்புக்கு ஒன்றுக்கு ஒன்று நகர்த்தலாம். இதற்கு இரண்டு கணக்கையும் இணைக்க வேண்டும். இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றும் இரண்டு பக்கமும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயர் என்னும் பெரிய வில்லங்கம்

நம்மவர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். வங்கிக்காரர் அப்பா பெயரைச் சேர்த்து ஒரு கார்டு கொடுத்திருப்பார். விமானக் கணக்கைத் திறந்தபோது இனிஷியலை விரித்து வேறு மாதிரி எழுதியிருப்போம். கடைசியில் மூன்று இடத்தில் மூன்று பெயர். பாயிண்ட் மாற்றும் நேரத்தில் வங்கிக் கணக்கின் பெயரும் மைல் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் மாற்றம் நின்றுபோகும். அது சரியாவதற்குள் சீட் போய்விடும்.

ஆகவே பயணத்துக்கு மாதங்களுக்கு முன்பே மைல் கணக்கைத் திறந்து, வங்கியில் இருக்கும் பெயரையே அதில் போடுங்கள். டிக்கெட்டில் போகும் பெயர் வேறு விஷயம். அது பயணிக்கிறவரின் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். உங்கள் மைலில் அம்மாவுக்கோ மாமனாருக்கோ டிக்கெட் போட அமெரிக்கனில் தடை இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முன்கூட்டியே பெயர் பதிந்த ஐந்து பேருக்குள்தான், ஜப்பானின் ஆனா (ANA) நிறுவனத்தில் நெருங்கிய உறவினருக்கு மட்டும்தான். அந்த வகையிலும் அமெரிக்கன் சுலபம்.

சீட் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கத்தார் தன் பிசினஸ் கிளாஸில் எல்லாச் சீட்டையும் கூட்டாளிகளுக்குத் திறந்துவிடுவதில்லை. விமானத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், சில நாள் ஒன்றுமே வராது. பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலையிலும் டிசம்பர் நடுவிலும் கடும் போட்டி. பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மூச்சு விடலாம்.

அமெரிக்கன் 331 நாள் முன்பிலிருந்து டிக்கெட் திறக்கும். அதன் தளத்தில் மைல் கொண்டு வாங்கும் தேர்வைக் குறித்து, ஒரு பயணிக்கு, ஒருவழியாகத் தேடுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், இரண்டே சீட் உள்ள விமானம் திரையிலேயே வராது. சீட்டே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒருவருக்குப் பார்த்து, கிடைத்த நாளில் இரண்டாக்கி, மூன்றாக்கிப் பாருங்கள்.

நியூயார்க்கோடு நிற்காதீர்கள். வாஷிங்டன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ, டல்லஸ், ஹூஸ்டன், சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் என்று தோஹா விமானம் கிளம்பும் ஊர்கள் பல. முதலில் கடலைத் தாண்டும் நீண்ட பகுதியை மட்டும் தேடுங்கள். கடினமாகக் கிடைப்பது அதுதான். அது கிடைத்த பிறகு தோஹா–சென்னை. இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன, சேர்த்துத் தேடினால் மட்டும் தளம் காட்டவில்லை என்றால், தேதியையும் விமான எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள்.

ஒவ்வொரு தேதியாகத் தட்ட அலுப்பாக இருந்தால் சீட்ஸ்.ஏரோ போன்ற தேடுதளங்கள் உதவும். ஆனால் அவை காட்டுவது சில மணி நேரம் முன்பு எடுத்து வைத்த தகவல். அதை நம்பிப் பாயிண்ட்டை மாற்றக் கூடாது. விமான நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்து, பயணியின் பெயரைக் கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். சில சீட்டுகள் பேய் மாதிரி: பட்டியலில் தெரியும், கை வைத்தால் மறையும். அதே விமானத்தை பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்திலும் ஒரு முறை தேடிப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால் சீட் நிஜம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இன்னொன்றையும் கூர்ந்து பாருங்கள். விலை 70,000 என்று இருக்கும், தலைப்பில் பிசினஸ் என்று இருக்கும். விரித்துப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பகுதி எகானமி, நான்கு மணி நேரத் துண்டு மட்டும் பிசினஸ். கலப்பு வகுப்பு என்று சின்னதாக எழுதியிருப்பார்கள், மைல் மட்டும் உயர்ந்த வகுப்புக்குப் போகும். தலைகீழாக, நீண்ட பகுதி பிசினஸாகவும் தோஹா–சென்னை எகானமியாகவும் இருந்தால் எடுத்துவிடலாம். பிற்பாடு பிசினஸ் சீட் திறந்தால் மாற்றித் தரக் கேட்கலாம்.

கத்தாரின் கதவு வைத்த பிசினஸ் சீட்டான கியூசூட் எல்லா விமானத்திலும் இல்லை. போயிங் 777-லும் ஏர்பஸ் ஏ350-1000-லும் பரவலாக உண்டு, 787-8-ல் கிடையாது. சீட் வரைபடத்தில் ஒரு வரிசை முன்னும் அடுத்தது பின்னும் பார்த்தபடி இருந்தால் அது கியூசூட். படுத்துக்கொண்டு போக எல்லாவற்றிலும் முடியும் என்பதால் இதற்காகக் கிடைத்த தேதியை விடுவது வீண் பிடிவாதம்.

மாற்றுவதும் வாங்குவதும்

சீட் உறுதியான பிறகு சிட்டி தாங்க்யூ தளத்தில் ஏஅட்வான்டேஜ் எண்ணைக் கொடுத்து மாற்றுங்கள். மாற்றம் ஆயிரங்களில் நடக்கும். கணக்கில் ஏற்கெனவே 3,400 மைல் இருந்தால் 67,000 மாற்றினால் போதும். வழக்கமாகச் சில நிமிடங்களில் வந்து சேரும். சேஸிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் அப்படியே. சிங்கப்பூர், ஆனா போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால் அங்கே இந்த முறை அவ்வளவு பாதுகாப்பானது அல்ல.

வங்கிகள் அவ்வப்போது மாற்றத்துக்குப் போனஸ் அறிவிக்கும். 30 சதவீதம் என்றால் 70,000 ஏவியோஸுக்கு 54,000 பாயிண்ட் போதும். ஏவியோஸ் வழியை ஒதுக்க முடியாததற்கு இதுதான் காரணம். ஆனால் சீட் கையில் இல்லாமல் போனஸுக்கு ஆசைப்பட்டு மாற்றுவது, கல்யாணம் நிச்சயமாகாமலே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போல.

மதிப்பைக் கணக்கிட எளிய வழி: ரொக்க விலையிலிருந்து வரியைக் கழித்து மைலால் வகுப்பது. 3,200 டாலர் டிக்கெட், 50 டாலர் வரி, 70,000 மைல் என்றால் மைலுக்கு நாலரை சென்ட். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 3,200-ஐ நீங்கள் ஒருநாளும் கையிலிருந்து கொடுக்க மாட்டீர்கள் என்றால், அது வெறும் காகிதக் கணக்கு.

கைக்குழந்தை இருந்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். மடியில் வைத்துக்கொண்டு போகும் குழந்தைக்கு அமெரிக்கனில் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பணமாகக் கேட்பார்கள். பிசினஸ் கிளாஸ் விலையில் அது பல நூறு டாலர். பிரிட்டிஷ் ஏர்வேஸில் அதே 10 சதவீதம் ஏவியோஸில். ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானில் 25 கனடிய டாலர் அல்லது 2,500 பாயிண்ட்தான். மடிக் குழந்தையோடு போகிறவர்கள் ஏரோபிளானில் லுஃப்தான்சா வழியாக ஃபிராங்ஃபர்ட், சென்னை என்று தேடுவது நல்லது. மைல் கூடுதலாகப் போகும், எரிபொருள் கட்டணம் இல்லை, கூட்டாளி விமானத்துக்கான கட்டணமாக 39 கனடிய டாலரும் வரியும் மட்டும்.

லண்டன் வழியை விலை பார்த்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டிஷ் ஏர்வேஸ் சென்னைக்கு நேராகப் பறக்கிறது, ஆனால் அதன் மேல் கட்டணம் அதிகம், அமெரிக்கன் மைலில் வாங்கினாலும் அது தப்பாது. விசா முத்திரை காலாவதியாகி ஐ-797 என்னும் ஒப்புதல் தாளோடு மட்டும் ஊருக்குப் போகும் எச்-1பி ஆட்களிடம் லண்டனில் ட்ரான்சிட் விசா கேட்கலாம். தோஹாவில் விமானம் மாற இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

டிக்கெட் வந்த பிறகு

மின்னஞ்சலில் ஆறெழுத்து முன்பதிவு எண் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். 001 என்று தொடங்கும் 13 இலக்க டிக்கெட் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் அது வராவிட்டால் அமெரிக்கனைக் கூப்பிடுங்கள். முன்பதிவு இருந்து டிக்கெட் அச்சாகாமல், விமான நிலையத்தில் போய் நின்றவர்கள் உண்டு.

கத்தாருக்குத் தனி முன்பதிவு எண் இருக்கும். அதை அமெரிக்கனிடம் கேட்டு வாங்கி, கத்தார் தளத்தில் சீட்டும் சாப்பாடும் தேர்ந்தெடுங்கள். வயதானவர்கள் போகிறார்கள் என்றால் சக்கர நாற்காலியும் அங்கேயே பதிவு செய்யலாம். பெட்டி ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. தோஹா போகும் விமானத்தைப் பிடிக்க வேறு டிக்கெட்டில் நியூயார்க் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

ரத்து செய்தால் அமெரிக்கன் கட்டணமில்லாமல் மைலைத் திருப்பித் தரும், வரியும் வரும். ஆனால் திரும்புவது ஏஅட்வான்டேஜ் கணக்குக்குத்தான், சிட்டிக்கு அல்ல. 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மைல் காலாவதியாகும். இந்த வசதியால், சுமாரான தேதியை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல தேதிக்குக் காத்திருக்கலாம். கிளம்புவதற்குக் கடைசி இரண்டு வாரத்திலும் புதிய சீட்டுகள் திறப்பதுண்டு.

பறக்கும் நேரத்தை கத்தார் மாற்றினால் மின்னஞ்சல் வராமலும் போகலாம். மாதம் ஒருமுறை முன்பதிவைத் திறந்து பாருங்கள். இணைப்பு விமானம் பொருந்தாமல் போயிருந்தால் கத்தாரைக் கூப்பிட்டுப் பயனில்லை. டிக்கெட்டை விற்றது அமெரிக்கன் என்பதால் அவர்கள்தான் மாற்றித் தர வேண்டும்.